தீர்மான எண்ணைக் கேளுங்கள்: உள்ளாட்சி கேள்வி பதில்

நகராட்சி, மாநகராட்சி மன்றங்களின் அன்றாட அலுவல்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

எங்கள் ஊராட்சியைப் பக்கத்து நகராட்சியோடு சேர்க்கும் உத்தேச அறிவிக்கை வந்திருக்கிறது. எதிர்த்துக் கிராம சபையில் தீர்மானம் போட்டுவிட்டோம். இது போதுமா?
– ஊராட்சி முன்னாள் வார்டு உறுப்பினர்

போதாது. கிராம சபைத் தீர்மானம் உங்கள் எதிர்ப்புக்கு நல்ல சான்று, அவ்வளவுதான். இணைப்பைத் தடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை, நகர்மன்றத்துக்கும் இல்லை. முடிவு மாநில அரசுடையது. முதலில் உத்தேச அறிவிக்கை வரும். ஆட்சேபணைகளைப் பரிசீலித்த பிறகு இறுதி அறிவிக்கை வரும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் காலம்தான் உங்கள் கையில் இருப்பது. அறிவிக்கையில் எந்த அதிகாரிக்கு, எந்தத் தேதிக்குள் என்று போட்டிருக்கிறதோ, அவருக்கே பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். நகர்மன்றத் தலைவரிடம் மனு கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிடுவது பல ஊர்களில் நடக்கிற தவறு. அந்த மனு பரிசீலிக்க வேண்டியவரின் மேசைக்குப் போகாமலே போகலாம்.

மனுவில் என்ன எழுதுவது என்பது இன்னும் முக்கியம். ஓர் இடம் நகரமா, கிராமமா என்று முடிவு செய்ய அரசியலமைப்பின் 243க்யூ பிரிவு சில அளவுகோல்களைச் சொல்கிறது: மக்கள்தொகை, மக்கள் நெருக்கம், உள்ளாட்சிக்குக் கிடைக்கும் வருவாய், விவசாயம் அல்லாத தொழிலில் இருப்போரின் விகிதம், பொருளாதார முக்கியத்துவம். உங்கள் ஆட்சேபணையும் இதே அளவுகோல்களைத் தொட்டு அமையட்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் (எந்த நிலத்தில் என்ன சாகுபடி என்ற கணக்கு) நகல் வாங்கி, எத்தனை ஏக்கர் இன்னும் சாகுபடியில் இருக்கிறது என்று சர்வே எண்ணோடு காட்டுங்கள். நூறு நாள் வேலை என்று அறியப்பட்ட ஊரக வேலைத் திட்டத்தின் அட்டை எத்தனை குடும்பத்துக்கு இருக்கிறது, மூன்றாண்டு வரிக் கேட்பும் (கட்டச் சொல்லிக் கணக்கிட்ட தொகை) வசூலும் எவ்வளவு என்பதையும் சேருங்கள். ‘வேண்டாம்’ என்று மட்டும் எழுதிய ஐந்நூறு ஜெராக்ஸ் மனுக்களைவிட இப்படி ஒரு மனு வலுவானது.

பெரும்பாலும் இணைப்புகள் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடியும் தறுவாயில்தான் வரும். அடுத்த தேர்தலுக்கு முன் வார்டு எல்லையைப் புதிதாக வரைந்தாக வேண்டும். சென்னையோடு 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சி என 42 உள்ளாட்சிகள் சேர்ந்து, 174 சதுர கிலோமீட்டர் 426 ஆனதும், 155 வார்டு 200 ஆனதும் 2011 தேர்தலை ஒட்டித்தான். 2024 டிசம்பர் இறுதியில் 16 மாநகராட்சிகளோடு 149 ஊராட்சிகளைச் சேர்க்கும் உத்தேசம் வெளியானபோது, 28 மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிய ஒரு வாரம்கூட இல்லை. ஆகவே, கேட்க ஆளில்லாத நேரத்தில் வருமென்று எதிர்பார்த்து ஆவணங்களை முன்கூட்டியே எடுத்து வைப்பது நல்லது.

இணைந்துவிட்டால் என்ன மாறும்? அரசின் வேலைத் திட்டம் ஊரகத்துக்கு மட்டுமானது, அது நின்றுபோகும். கூலியை நம்பியிருக்கும் பெண்களுக்கு இதுதான் பெரிய அடி. மனுவில் முதல் பத்தியில் வர வேண்டிய விஷயமும் இதுவே. வீட்டு வரி, நகரச் சொத்துவரிக் கணக்குக்கு மாறும். காலி மனைக்கும் வரி வரும். மறுபக்கம், வயலெல்லாம் மனையாகி, கழிவுநீர் தெருவில் ஓடுகிற ஊராக இருந்தால், முழுசாக எதிர்ப்பதைவிட ‘எந்த ஆண்டுக்குள் குடிநீர்க் குழாய், எந்த ஆண்டுக்குள் பாதாளச் சாக்கடை’ என்று கேட்டு எழுதி வாங்குவது பயன் தரும்.

எந்த முடிவானாலும், பதிவேடுகள் கைமாறும் முன் ஒரு காரியம் செய்துவிடுங்கள். வீட்டு வரி ரசீது, கட்டட அனுமதி, குடிநீர் இணைப்புக்குக் கட்டிய வைப்புத்தொகை ரசீது மூன்றையும் நகலெடுத்து வையுங்கள். பழைய பதிவேட்டிலிருந்து புதிய கேட்புப் பதிவேட்டுக்கு ஏற்றும்போது பெயர் விடுபட்டால், ரசீது இல்லாதவர் வைப்புத்தொகையை மறுபடி கட்ட நேரும்.

எங்கள் தெரு வடிகாலுக்குத் தீர்மானம் நிறைவேறி எட்டு மாதம் ஆகிறது. ஒரு செங்கல்கூட வரவில்லை. யாரைக் கேட்பது?
– குடியிருப்போர் சங்கச் செயலாளர்

முதலில் தீர்மான எண், தேதி, அதன் முழு வாசகம் மூன்றையும் வாங்குங்கள். ‘தீர்மானம் போட்டாச்சு’ என்ற ஒரே சொல்லுக்குள் பல விஷயங்கள் ஒளிந்திருக்கும். ‘மதிப்பீடு தயாரிக்க மன்றம் அனுமதிக்கிறது’ என்றிருந்தால் வேலை இன்னும் காகிதத்துக்கே வரவில்லை என்று பொருள். ‘நிதி ஆதாரத்துக்கு உட்பட்டு’ என்றிருந்தால் பணம் ஒதுக்கவில்லை. ‘பார்வைக்கும் பதிவுக்கும்’ என்றால் மன்றம் கேட்டுக்கொண்டது, அவ்வளவே. ‘பின்னேற்பு’ என்றால் வேலை ஏற்கெனவே தொடங்கி, ஒப்புதல் பிறகு வாங்கப்படுகிறது. உங்களுக்கு வேண்டியது, தொகையும் எந்த நிதித் தலைப்பு என்பதும் தெளிவாக எழுதிய நிர்வாக அனுமதி.

நகராட்சிக் கணக்கு ஒரே பெட்டி அல்ல. வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி எனத் தனித்தனி. மத்திய நிதிக்குழு (மத்திய வரிப் பணத்தைப் பங்கிடப் பரிந்துரைக்கும் குழு) வழியாக வரும் மானியத்துக்கும் கட்டுப்பாடு உண்டு: 2021–26 காலத்தில், பெருநகரங்கள் நீங்கலான ஊர்களுக்கு வந்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீர், சுகாதாரம் ஆகியவற்றுக்கே என்று கட்டப்பட்டிருந்தது. மீதி 40 விழுக்காட்டையும் சம்பளத்துக்குத் தொடக்கூடாது என்றிருந்தது. கவுன்சிலர் ‘பணம் இருக்கிறது’ என்பதும், அதிகாரி ‘பணம் இல்லை’ என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாவது இதனால்தான்.

பணம் இருந்தால் தொழில்நுட்ப அனுமதி (மதிப்பீட்டைப் பொறியாளர் சரிபார்த்துத் தருவது), பிறகு ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்). தமிழ்நாட்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மை விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்கு 15 நாளும், அதற்கு மேல் 30 நாளும் அவகாசம் தர வேண்டும். குறைத்தால் மேலதிகாரி காரணத்தை எழுதிப் பதிய வேண்டும். மதிப்பீடு பழைய விலைப்பட்டியலில் போடப்பட்டிருந்தால் ஒருவரும் விண்ணப்பிக்க மாட்டார்கள். மறு ஒப்பந்தப்புள்ளியில் இன்னும் இரண்டு மாதம் போகும். சின்ன வேலைகள் தேங்குவதற்கு நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போடுங்கள். ‘ஏன் வேலை நடக்கவில்லை’ என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. தீர்மான நகல், மதிப்பீட்டு நகல், ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புத் தேதி, வேலை உத்தரவு எண் என்று ஆவணங்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். எந்தத் தாள் ‘இல்லை’ என்று வருகிறதோ, வேலை நின்ற இடம் அது.

தெருவில் மாடு விட்டால் அபராதம் என்று நகர்மன்றம் அவசரச் சட்டம் போட முடியுமா?
– கல்லூரி மாணவி

முடியாது. அவசரச் சட்டம் மாநிலத்தில் ஆளுநர் பிறப்பிப்பது. மன்றம் இயற்றக்கூடியது துணைவிதி, அதாவது தன் எல்லைக்குள் மட்டும் செல்லும் விதி. அதற்கு வரைவை வெளியிட்டு ஆட்சேபணை கேட்க வேண்டும், அரசின் ஒப்புதல் பெற வேண்டும், அரசிதழில் வர வேண்டும். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள், உள்ளாட்சிகள் ஓராண்டுக்குள் குப்பைக்கான துணைவிதி இயற்ற வேண்டும் என்றது இந்த வகை. அபராத ரசீது கொடுத்தால், எந்தத் துணைவிதியின் எந்தப் பிரிவு என்று அதில் இருக்கிறதா பாருங்கள்.

சொத்துவரி உயர்வை மன்றமே நிராகரிக்கக் கூடாதா?
– கடைக்காரர்

எதிர்த்துப் பேசலாம், வெளிநடப்பும் நடக்கிறது. ஆனால் 2021–26 காலத்துக்கான 15ஆவது நிதிக்குழு, நகர மானியத்துக்கு இரண்டு நிபந்தனை வைத்தது: தணிக்கை செய்த கணக்கு இணையத்தில் இருக்க வேண்டும், சொத்துவரிக்குக் குறைந்தபட்ச அளவை அறிவித்து வசூலையும் கூட்டிக்கொண்டே வர வேண்டும். 2022 ஏப்ரலில் தமிழகத்தில் 25 முதல் 150 விழுக்காடு வரை வரி உயர்ந்ததன் பின்னணி இது. உயர்வை மறுத்தால் மானியம் தடைபடும் என்ற அச்சத்தில்தான் உறுப்பினர்கள் கை தூக்கினார்கள். உங்களால் உடனே செய்யக்கூடியது: அரையாண்டின் முதல் 30 நாளுக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டிவிடுங்கள். 5 விழுக்காடு, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு. கடையின் அளவும் பயன்பாட்டு வகையும் கேட்பில் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். மூடிக் கிடக்கும் மாடியையும் வணிகப் பரப்பாக ஏற்றியிருந்தால், விகிதத்தைக் குறை சொல்வதைவிட மறு அளவீடு கேட்டு எழுதுவதே வரியைக் குறைக்கும்.