கரண்டு பஸ் கட்டுபடியாகுமா அண்ணாச்சி?

கேள்வி: அண்ணாச்சி, அம்பாசமுத்திரம் - திருநெல்வேலி ரூட்ல எங்க சித்தப்பாவுக்கு ஒரு பஸ் ஓடுது. டீசல் விக்கிற வெலைக்கு எலெக்ட்ரிக் பஸ் எடுத்துரலாமான்னு பாக்காங்க. ஆனா டீசல் பஸ்ஸை விட ரெண்டு மடங்குக்கு மேல வெலை சொல்லுதாங்களே, 12 வருசத்துல போட்ட காசு திரும்புமா?
- வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: வண்டி ஒரு நாளைக்கு எத்தன கிலோமீட்டர் ஓடுதுன்னு பாத்துத்தான் அதைச் சொல்ல முடியும். தினம் 200 கிலோமீட்டர், வருசத்துல 300 நாள்னு வச்சுக்கிடுங்க, 60,000 ஆச்சு. டீசல் லிட்டர் 92 ரூபான்னு வச்சு, லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் குடுத்தா கிலோமீட்டருக்கு 20 ரூபா போயிருது. கரண்டு பஸ்ஸுக்கு கிலோமீட்டருக்கு ஒண்ணேகால் யூனிட், யூனிட் 8 ரூபான்னா 10 ரூபா. (பணகுடி, கயத்தாறு பூரா கரண்டு எடுக்குத காத்தாடி சுத்துது, நமக்கே எட்டு ரூபாயான்னு கேக்காதிய.) வருசம் 6 லட்சம் மிச்சம், கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா வண்டிக்கு கூடுதலா 60 லட்சம் குடுக்கியன்னு வைங்க, ஃபைனான்ஸ்ல 10 சதவீதம்னாலும் முதல் வருச வட்டியே 6 லட்சம், அப்புறம் அசலை எங்க அடைக்க? பாதிப்பேரு இந்த வட்டிய கணக்குலயே சேக்க மாட்டாங்க.

மெயின்டனன்ஸ் கம்மிதான். இஞ்சின் ஆயில், டீசல் ஃபில்டர், கிளட்ச் பிளேட் எதுவும் கிடையாது, பிரேக் புடிக்கையில மோட்டாரே கரண்டு தயாரிச்சு பேட்டரிக்கு அனுப்புததால லைனிங்கும் சீக்கிரம் தேயாது. ஆனா பேட்டரி 12 வருசமும் ஒரு சார்ஜுக்கு அதே தூரம் குடுக்காது, நடுவுல ஒரு தடவை மாத்துத செலவ இப்பமே எழுதி வைக்கணும்.

இன்னொண்ணு டிமாண்ட் சார்ஜ். பெரிய சார்ஜருக்கு ஹெச்டி (உயர் அழுத்த) கனெக்சன் வாங்குனா யூனிட் காசு போக, எவ்வளவு லோடு இழுக்கோம்ங்கிற அளவான கேவிஏவுக்கு இவ்வளவுன்னு மாசாமாசம் தனியா கட்டணும், பஸ் ஷெட்ல கிடந்தாலும் கட்டணும், ஒத்தை பஸ்ஸுக்கு அதையும் சேத்து வகுத்தா எட்டு ரூபா யூனிட் எங்கயோ போயி நிக்கும். இருவது வண்டி ஒரே டிப்போல ராத்திரி மாத்தி மாத்தி சார்ஜ் ஏறுனாத்தான் அது இறங்கும். 2025 ஜூன்ல சென்னை வியாசர்பாடி டிப்போல 120 கரண்டு பஸ் விட்டாங்கல்லா, அவ்வளவு பெருசா விட்டும் அது எம்டிசி (சென்னை மாநகர அரசு பஸ் கழகம்) சொந்தமா காசு போட்டு வாங்குனதில்ல, தனியார் கம்பெனி வண்டி, ஓடுன கிலோமீட்டருக்கு எம்டிசி காசு குடுக்கு.

சிஎன்ஜி (அழுத்தி அடைச்ச இயற்கை எரிவாயு) பஸ் ரெண்டுக்கும் நடுவாந்தரம், வண்டி வெலை கரண்டு பஸ் அளவுக்கு கூடுதல் இல்ல, ஆனா மூணு வருசத்துக்கு ஒருக்க சிலிண்டர் டெஸ்ட் பண்ணணும், பங்க் ரூட்லயே இருக்கணும்.

சித்தப்பாவ இப்போதைக்கு டீசலையே ஓட்டச் சொல்லுங்க. தினம் 300 தாண்டுத ரூட் கெடச்சு, நாலஞ்சு ஓனர் சேந்து ஒரே இடத்துல சார்ஜர் போட முடிஞ்சா திரும்ப கணக்கு போடலாம், அப்பவும் புது பேட்டரி என்ன வெலைன்னு கொட்டேஷன்லயே எழுதி வாங்கிக்கிடுங்க.