மேக்னெட்டிக் ஃப்ளோ மீட்டர்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: சார், பைப்பில் ஓடும் தண்ணீரை அளக்கிற இந்த மீட்டருக்குள் சுற்றுகிற பாகம் எதுவுமே இல்லை. எதை வைத்து அளக்கிறது?

பதில்: ஓடும் தண்ணீரைத்தான் இது மின்கம்பியாக எடுத்துக்கொள்கிறது. மீட்டரில் உள்ள காயில் (கம்பிச்சுருள்) உண்டாக்கும் காந்தப்புலத்தைத் தண்ணீர் குறுக்கே கடக்கும்போது அதில் வோல்டேஜ் பிறக்கும், எதிரெதிரே உள்ள இரண்டு எலக்ட்ரோடுகள் அதை எடுக்கும். காந்தப்புலம், பைப்பின் உள்விட்டம், தண்ணீரின் வேகம் மூன்றையும் பெருக்கினால் அந்த வோல்டேஜ். 100 மி.மீ. பைப், 0.01 டெஸ்லா, நொடிக்கு 2 மீட்டர் என்றால் வெறும் 2 மில்லிவோல்ட்! விஞ்ஞானி ஃபாரடே 1832இல் பூமியின் காந்தப்புலத்தை வைத்தே தேம்ஸ் நதியில் இதை முயன்று பார்த்தார், சரியான அளவு கிடைக்கவில்லை.

கேள்வி: டீசல் லைனில் போடலாமா? டிஎம் வாட்டருக்கு (உப்புகளை நீக்கிய தண்ணீர்)?

பதில்: டீசலுக்கு வேலையே செய்யாது, அதில் மின்சாரம் கடக்காது. பெரும்பாலான மீட்டர்களுக்குச் சென்டிமீட்டருக்கு 5 மைக்ரோசீமென்ஸாவது கடத்துதிறன் வேண்டும். நல்ல டிஎம் வாட்டர் 1க்கும் கீழே இருக்கும், அதனால் அதற்கும் வேண்டாம். கழிவுநீர், ஆசிட், சேறு கலந்த தண்ணீர் எல்லாம் தாராளமாக.

கேள்வி: அண்ணா, பம்ப் ஆஃப் ஆன பிறகும் ரீடிங் ஏறி இறங்கி ஓடுகிறது. மீட்டர் போச்சா?

பதில்: அவசரப்பட்டு மீட்டரைக் கழற்றாதீர்கள். பம்ப் நின்றதும் லைன் காலியாகிறதா என்று முதலில் பாருங்கள். எலக்ட்ரோடு தண்ணீரில் நனையாமல் இருந்தால் சுற்றியுள்ள மின் இரைச்சலையெல்லாம் ஃப்ளோ என்று காட்டும். லோ ஃப்ளோ கட்-ஆஃபைக் (இதற்குக் கீழே உள்ள ஃப்ளோவைப் பூஜ்யமாகக் காட்டு என்கிற செட்டிங்) கூட்டி வைத்து டிஸ்ப்ளேயில் பூஜ்யம் வரவைக்கிறார்கள், அது எனக்குப் பிடிக்காத வழி, ஏனென்றால் இரவில் நிஜமாகவே மெல்ல ஓடும் தண்ணீரும் கணக்கில் வராமல் போய்விடும். பைப் காலியானதைக் கண்டுபிடிக்கும் எம்ப்டி பைப் டிடெக்ஷனை ஆன் செய்யுங்கள், முடிந்தால் தண்ணீர் கீழிருந்து மேலே ஏறும் செங்குத்துப் பைப்பில் மாற்றுங்கள்.

கேள்வி: எங்களுடையது பிவிசி லைன். எர்த் ரிங் அவசியமா?

பதில்: அவசியம். 2 மில்லிவோல்ட்டை அளக்கத் தண்ணீரோடு தொடர்புள்ள ஒரு எர்த் வேண்டும், பிளாஸ்டிக் பைப்பில் அது கிடையாது. மீட்டரைப் பைப்போடு இணைக்கும் இரண்டு ஃபிளாஞ்சிலும் (விளிம்புத் தட்டு) தண்ணீரைத் தொடும் உலோக ரிங் வைத்து, மீட்டர் பாடியோடு வயரால் இணையுங்கள். ரப்பர் லைனிங் உள்ள இரும்பு பைப்புக்கும் இதேதான்.

கேள்வி: மீட்டரை எல்போவை (பைப் வளைவு) ஒட்டியே வைக்கலாமா?

பதில்: வேண்டாம். பொதுவாக மீட்டருக்கு முன்னால் பைப் விட்டத்தைப்போல் 5 மடங்கு, பின்னால் 2 மடங்கு நேர் பைப் விடுங்கள். படுக்கைப் பைப் என்றால் எலக்ட்ரோடுகள் இடது, வலது பக்கமாக வரட்டும், மேலே இருந்தால் காற்றுக்குமிழி, கீழே இருந்தால் சேறு மூடிவிடும்.