பழைய ஹெச்பி கால்குலேட்டரும் பிளாட்டரும்: கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலை ஆய்வுக்கூடம் கழித்துப் போட்ட ஹெச்பி 9825ஏ கால்குலேட்டர் (1976-இல் வந்த மேசைக் கணினி மாதிரி), 9872ஏ பிளாட்டர் (பேனாவால் தாளில் வரைபடம் போடும் கருவி) பற்றி வந்த கேள்விகள்.

கே: அண்ணே, பிளக்கைச் சொருகிப் பார்க்கலாமா?

ப: பொறுங்க தம்பி. வோல்ட் தெரிவு எதில் நிற்குதுன்னு முதலில் பாருங்க. 120-இல் இருந்தால் நம்ம ஊர் 230 அதை முடிச்சிரும்.

கே: கால்குலேட்டரில் நிரலைப் பதியும் டேப் சுத்தலை. உள்ளே கறுப்பா பிசுபிசுன்னு ஒட்டுது.

ப: அது டேப்பைச் சுத்தும் உருளையின் ரப்பர், கூழாகிப் போச்சு. ஈரக்காத்து பட்ட இடத்தில் சீக்கிரமே ஆகும். மரக்குச்சியால் சுரண்டி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைச்சு, உலோகம் பளிச்சுன்னு தெரிந்ததும் ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றை இறுக்கமா மாட்டுங்க. வெளிவிட்டம் பழைய அளவுக்கு வரணும். கூடிக் குறைந்தால் டேப் வேகம் மாறி, பழைய பதிவைப் படிக்காது. வேறு காப்பி இல்லாத டேப்பை முதல் சோதனைக்குப் போடாதீங்க. கேசட்டுக்குள் இருக்கும் பட்டையும் வயசானால் அறும்.

கே: சார், டபிள்யூ-ஆர்-டி 705 கொடுத்தால் பிளாட்டர் அசையலை, கால்குலேட்டரும் அப்படியே நிக்குது.

ப: டபிள்யூ-ஆர்-டி என்பது தரவை அனுப்பும் கட்டளை. 7 என்பது பிளாட்டரை இணைக்கும் 98034ஏ கார்டின் செலக்ட் கோட் (கார்டைக் குறிக்கும் எண்), 05 பிளாட்டரின் முகவரி. முகவரி சுவிட்சுகளின் மதிப்பு 1, 2, 4, 8, 16. இதில் 1, 4 மட்டும் ஆன் என்றால் 5.

அது சரியாக இருந்தும் நின்றால், ஹேண்ட்ஷேக் வயர்களை, அதாவது தரவு போய்ச் சேர்ந்ததா என்று கருவிகள் ஒன்றுக்கொன்று சொல்லும் வயர்களைச் சந்தேகப்படுங்க. மூன்று உண்டு: டிஏவி (தரவு வந்திருக்கு), என்ஆர்எஃப்டி (வாங்கத் தயாரில்லை), என்டிஏசி (இன்னும் வாங்கலை). 24 பின் கனெக்டரில் முறையே பின் 6, 7, 8. ஒரு கருவி "இன்னும் தயாரில்லை" என்று 7-ஐக் கீழே இழுத்துப் பிடித்தால் மொத்த பஸ்ஸும் (எல்லாக் கருவிக்கும் பொதுவான வயர் இணைப்பு) காத்திருக்கும். கேபிளைக் கால்குலேட்டர் பக்கம் கழற்றி, பிளாட்டரை ஆன் பண்ணி, பின் 7-க்கும் 24-க்கும் (கிரவுண்ட்) இடையே மல்ட்டிமீட்டர் வைங்க. ஏறக்குறைய 3.3 வோல்ட் வரணும். 0.8-க்குக் கீழே என்றால் கோளாறு பிளாட்டரில் அல்லது கேபிளில். பல கருவி இருந்தால் ஒன்றொன்றாகக் கழற்றுங்க. எதை எடுத்ததும் வோல்ட் ஏறுதோ, அதுதான் குற்றவாளி. ஆஃப் பண்ணி மாட்டியே விட்ட கருவியும் வயரை இழுக்கலாம்.

கே: கேபிள் திருகு பாதியிலேயே இறுகுது, அண்ணே.

ப: முறுக்காதீங்க! வெள்ளி நிறம் இன்ச் மரை, கறுப்பு மெட்ரிக். கலந்தால் மரை போகும்.

கே: எவ்வளவு தூரம் இழுக்கலாம்?

ப: கால்குலேட்டரையும் சேர்த்து 15 கருவி வரை. மொத்தக் கேபிள் 20 மீட்டர், அல்லது கருவிக்கு 2 மீட்டர் வீதம். எது குறைவோ அது. உங்களிடம் இருப்பது இரண்டே கருவி, அதனால் 4 மீட்டரோடு நிறுத்திக்குங்க. பக்கத்து அறைக்கெல்லாம் ஆசைப்படாதீங்க.