ஆண் நகத்தவளை ஏன் கத்தவில்லை?

கேள்வி: ஆய்வகத்தில் ஆப்பிரிக்க நகத்தவளைகள் (செனோபஸ் லேவிஸ்) வளர்க்கிறோம். ஆண்கள் கத்துவதே இல்லை. டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஊசி போட்டால் கத்துமா?

பதில்: முதலில் ஆண்தானா என்று பாருங்கள். முன்னங்கால்களின் உட்புறமும் விரல்களும் மை பூசியதுபோல் கறுத்திருந்தால் ஆண் ஹார்மோன் வேலை செய்கிறது. கறுப்பு வெளுத்திருந்தால் குறைவு.

கத்துகிறதா என்று காதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இதற்குக் குரல் பை கிடையாது. குரல்வளைக்குள் இரண்டு குருத்தெலும்புத் தகடுகள் படக்கென்று விலகும்போது 'டிக்' என்று ஒலிக்கும், அதுவும் தண்ணீருக்குள், இரவில். ஹைட்ரோபோன் (நீருக்குள் கேட்கும் மைக்) போட்டு, ஃபில்டர் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். விநாடிக்குச் சுமார் 30 டிக், அடுத்து 60 என மாறி மாறி வந்தால் அது பெண்ணை அழைக்கும் குரல். அவ்வளவு வேகத்துக்கு ஈடுகொடுக்கும் தசையை வளர்த்துக் கொடுப்பது ஆண் ஹார்மோன்தான்.

ஆனால் குரல்வளை தயாராக இருந்தால் மட்டும் போதாது. விந்தகம் நீக்கிய ஆண்கள் சில வாரங்களில் குரலை இழக்கும். டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் ஓரளவு திரும்பும். கூடவே எச்சிஜி (hCG) என்ற கர்ப்பகால ஹார்மோனும் கொடுத்தால்தான் நன்றாகக் கத்தும். விந்தகமே இல்லாதபோதும் பலன் தருவதால், எச்சிஜி விந்தகத்தைத் தூண்டுவதோடு நிற்பதில்லை என்பதற்கு இதுவே சான்று. உங்கள் ஆண்களுக்கு விந்தகம் இருக்கிறது, எச்சிஜி தூண்டினால் அதுவே டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும். ஆகவே டெஸ்டோஸ்டிரோனை விட்டுவிடுங்கள், எச்சிஜியே என் தேர்வு. கர்ப்பிணிகளின் சிறுநீரில் இருக்கும் அதே பொருள்தான், அது பெண் தவளையை முட்டையிட வைக்கும். 1930களில் கர்ப்பப் பரிசோதனைக்கு இந்த இனப் பெண் தவளைகளைப் பயன்படுத்தியதும் அதனால்தான்.

விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்ற பின், ஓர் ஆணுக்கு 100 முதல் 200 யூனிட். மில்லிக்கு 1000 யூனிட் கரைசல் என்றால் 0.1 – 0.2 மில்லி. மாலையில் முதுகு நிணநீர்ப்பையில் (முதுகுத் தோலுக்கடியில் உள்ள நிணநீர் இடைவெளி) போடுங்கள். உடலின் பக்கவாட்டில் தையல் போட்டது போன்ற கோடு தெரியும். மெல்லிய ஊசியைத் தொடையின் தோலுக்கடியில் செலுத்தி, அந்தக் கோட்டைத் தாண்டி முதுகுப் பக்கம் கொண்டுபோங்கள். நேராகக் குத்தினால் மருந்து ஒழுகிவிடும். கரைத்து நாளான குப்பியும் பலன் தராது.

ஊசிக்குப் பிறகும் மௌனமா? பிடித்துப் பிடித்துப் பார்க்காதீர்கள். மன அழுத்தத்தில் ஏறும் கார்ட்டிகோஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஆண் ஹார்மோனைக் குறைக்கும். தொட்டியை இருட்டாக்குங்கள், தண்ணீர் 18 – 22 டிகிரியில் இருக்கட்டும். ஒரே தொட்டியில் இரண்டு ஆண்கள் இருந்தால் பிரியுங்கள். ஒன்றின் குரலுக்கு மற்றொன்று அடங்கிப்போவது இந்த இனத்தில் வழக்கம்.