நவம்பரில் மட்டும் வேண்டாம்

மதுரையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: வீட்டுக்காரருக்கு நவம்பரில் டெல்லிக்கு மாற்றல், மகள் ரெண்டாவது படிக்கிறாள், ஹிந்தி சுத்தமாகத் தெரியாது, டிவியைப் போட்டாலே டெல்லிச் செய்தி பயமுறுத்துகிறது, குடும்பத்தோடு வரலாமா?

தாராளமாக வரலாம். நவம்பரில் மட்டும் வேண்டாம். டெல்லி ஜங்புராவில் இருபத்திரண்டு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன். உங்கள் டிவியில் டெல்லி என்றால் பாராளுமன்றம். எங்களுக்குக் குளிர்காலத்தில் தலைப்புச் செய்தி காற்றுதான். தீபாவளியை ஒட்டிக் காற்று அசையாமல் நின்றுவிடும். வண்டிப் புகை, கட்டட வேலைத் தூசு, பஞ்சாப், ஹரியானா வயல்களில் நெல் அறுத்த தாளைக் கொளுத்தும் புகை எல்லாம் தலைக்கு மேலேயே தங்கும். காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டினால் 'கிராப் மூணு' என்பார்கள், அதாவது காற்று மாசுக் கட்டுப்பாட்டின் மூன்றாம் நிலை. சின்ன வகுப்புகள் பெரும்பாலும் ஆன்லைனுக்குப் போய்விடும். புது ஊரில் உங்கள் மகள் செல்போனைப் பார்த்தா முதல் நாள் பாடத்தைத் தொடங்க வேண்டும்? உங்கள் வீட்டுக்காரர் முன்னால் வந்து வீடு பார்க்கட்டும். ஏப்ரலில் இங்கே பள்ளியில் புது வருஷம், அதற்குச் சரியாக வாருங்கள்.

பள்ளியை முடிவு செய்துவிட்டு வீடு பாருங்கள். டெல்லி தமிழ்க் கல்விக் கழகத்துக்கு லோதி ரோடு, மோதி பாக், ஆர்.கே.புரம், ஜனக்புரி என்று ஏழு பள்ளிகள் உண்டு, தமிழும் படிக்கலாம்.

ஹிந்தியைக் காய்கறிக்காரர் மூன்று மாதத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவார். இலக்கணம் வராது. பஸ் ஆணா பெண்ணா என்று எனக்கு இன்றுவரை தடுமாற்றம்தான். அதைவிடப் பெரிய வேலை, தமிழ்நாட்டுக்கே நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பால் வாங்கப் போன இடத்தில் எதிர்வீட்டு ஆன்ட்டி பிடித்துக்கொண்டார், "உங்க ஆளுங்க ஏன் ஹிந்தின்னாலே சண்டைக்கு வர்றீங்க?" என்று. நான் ஹிந்தியிலேயே கேட்டேன்: "1968-ல மும்மொழின்னு போட்டப்போ, உங்க பக்கத்துப் பிள்ளைங்க ஒரு தென்னிந்திய மொழி படிச்சா நல்லதுன்னும் சொல்லியிருந்தாங்களே, உங்க பையன் எதைப் படிச்சான்?" "சமஸ்கிருதம். மார்க் வரும்ல" என்றார். அப்புறம் அந்தப் பேச்சு வந்ததில்லை. கறிவேப்பிலை கேட்டு மட்டும் வருவார்.

ஜனவரியில் மாவு புளிக்கவே புளிக்காது. முதல் வருஷம் மூன்று நாள் கல் மாதிரி இட்லி சாப்பிட்டோம். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்த கள்ளக்குறிச்சிப் பக்கத்து அக்காதான் வழி சொன்னார்: பாத்திரத்தைச் சுடுதண்ணீரில் அலசி, மாவை ஊற்றி, பழைய சால்வையைச் சுற்றி, ராத்திரி ரஜாய்க்குள் (பஞ்சு வைத்த கனமான போர்வை) வைத்துவிட வேண்டும். காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கியிருந்தது. வீட்டுக்காரருக்கு அன்று ரஜாய் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

நீங்கள் பயப்படுகிற செய்தி எதுவும் என் வீட்டு வாசல் வரை வந்ததில்லை, ஒன்றைத் தவிர. அந்த அக்கா குடியிருந்தது பாராபுல்லா வாய்க்கால் ஓரத்து மதராஸி கேம்ப், தமிழர்கள் வாழ்ந்த குடிசைப் பகுதி. 2025 ஜூன் 1-ஆம் தேதி நீதிமன்ற உத்தரவுப்படி அதை இடித்தார்கள். உங்கள் டிவியிலும் ரெண்டு நாள் ஓடியிருக்கும். வாய்க்கால் அடைத்தால் மழையில் வெள்ளம் வரும் என்பது காரணம். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எங்கள் எல்லோர் வீட்டுப் பாத்திரத்தையும் தேய்த்தவர்கள் அவர்கள். அக்காவுக்கு நரேலாவில் வீடு கிடைத்தது, ஊரின் வடகோடியில். பையன் படித்ததோ லோதி ரோடு தமிழ்ப் பள்ளி. ரெண்டு மாதம் அக்கா பஸ் மாறி மாறி அவனைக் கூட்டிவந்து பார்த்தார், முடியவில்லை. இப்போது குளிர் ஆரம்பித்தால் போன் வரும். எடுத்ததும் கேட்பது, "மாவு பொங்குச்சாம்மா?"