ஆறு மணி நேரத்தில் என்ன கற்கலாம்?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் பெண்களுக்காகத் தற்காப்புப் பயிற்சி நடத்தப் போகிறார்கள். இரண்டு நாள், நாளுக்கு மூன்று மணி நேரம். மொத்தம் 20 உத்திகள் சொல்லித் தருவார்களாம், முடிவில் சான்றிதழும் உண்டாம். எனக்கு விளையாட்டுப் பழக்கமே கிடையாது. இவ்வளவு குறுகிய பயிற்சியால் பலன் உண்டா? அல்லது இல்லாத தைரியத்தைக் கொடுத்து மாட்டிவிடுமா?
— வேலைக்குப் போகும் வாசகி, வயது 27

பதில்: 20 உத்திகள் என்று படித்ததும் சிரித்துவிட்டேன் தங்கையே, உங்களைப் பார்த்து இல்லை, என்னை நினைத்து.

பிற்பாடு ஜூடோ கற்று, பல வருடங்களாகப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தும் வருகிறேன். ஆனால் நான் முதன்முதலில் போனது ஒருநாள் வகுப்புக்குத்தான். அதில் 14 உத்திகள். மணிக்கட்டைப் பிடித்தால் விடுவித்துக்கொள்வது முதல் பாடம். எனக்கு ஜோடியாக வந்த பெண், கண்ணாடி வளையல் உடைந்துவிடுமோ என்று பயந்தவள்போல என் கையைப் பிடித்தாள். சுண்டினேன், வந்துவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். அன்று இரவு வீட்டில் தம்பியைக் கூப்பிட்டு, "பிடிடா பார்க்கலாம்" என்றேன். பிடித்தான். இழுத்தேன், முறுக்கினேன், காலை ஊன்றித் தொங்கியும் பார்த்தேன். அவன் டிவியிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை.

உத்தி தப்பில்லை. எந்தப் பிடியிலும் கட்டைவிரல் பக்கம்தான் பலவீனம். கையை அந்த இடைவெளியை நோக்கித் திருப்பி, முழங்கையை மடக்கி, உடம்போடு சேர்த்து இழுக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். நிஜமாக இறுக்கிப் பிடித்த ஒருவரிடமிருந்து ஒருமுறைகூட விடுவித்துப் பார்த்ததில்லை, அதுதான் குறை. ஆகவே, எத்தனை உத்திகள் என்று கேட்காதீர்கள். ஓர் உத்தியை எத்தனை தடவை, எவ்வளவு எதிர்ப்போடு செய்யவைப்பார்கள் என்று கேளுங்கள். ஆறு மணி நேரத்தில் நாலைந்து அசைவுகள் உடம்பில் ஏறினாலே பெரிது. உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தள்ளி அடிப்பது, முழங்கையால் இடிப்பது, முழங்காலால் தாக்குவது, கீழே விழுந்தால் உதைத்து எழுவது. போதும்.

சரி, குறுகிய பயிற்சியே வீணா என்றால், அதுவும் கிடையாது. கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களின் முதலாமாண்டு மாணவிகள் 893 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2015-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வெளியானது. ஒரு பாதிக்கு 12 மணி நேரப் பயிற்சி, மறு பாதிக்குத் துண்டுப் பிரசுரங்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, பிரசுரம் பெற்றவர்களில் 9.8 சதவீதம் பேர் வல்லுறவுக்கு ஆளாகியிருந்தார்கள், பயிற்சி பெற்றவர்களில் 5.2 சதவீதம். ஏறக்குறைய பாதி. அந்த 12 மணி நேரத்தில் அடி, உதைக்கு ஒதுக்கியது எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? இரண்டே மணி நேரம். மீதி நேரமெல்லாம், தெரிந்தவர் ஒருவரின் நடத்தை மாறுவதை எப்படிக் கவனிப்பது, 'இவரைப் போய்ச் சந்தேகப்படுவதா' என்று உள்ளுக்குள் எழும் தயக்கத்தை எப்படித் தாண்டுவது, தனக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்பதை எப்படித் தெளிவாக அறிவது என்பதுதான்.

தெரிந்தவர் என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்திப் படியுங்கள். இருட்டில் பின்னாலிருந்து பாயும் முகமூடிக்காரனை வைத்தே முழு வகுப்பையும் ஓட்டுகிறவர்கள் நிறைய. தொல்லை பெரும்பாலும் உங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவரிடமிருந்துதான் வருகிறது.

என் வகுப்புக்கு ஒரு பெண் வந்தார். நல்ல உயரம். குத்திப் பழகப் பிடித்துக்கொள்ளும் மெத்தையில் அவர் குத்தினால், பிடித்திருப்பவர் ஓரடி பின்னால் போவார். ஒருநாள், 'தோளில் கை போடும் மேலதிகாரி' என்று ஒரு காட்சியை நடித்துப் பார்த்தோம். அவர் வாயிலிருந்து வந்தது: "சார், கொஞ்சம் கையை எடுத்துட்டீங்கன்னா..." கூடவே ஒரு சிரிப்பு. வாக்கியம் முடியவே இல்லை. மறுபடி சொல்லச் சொன்னேன். "ப்ளீஸ்" வந்தது. மூன்றாவது தடவை "தப்பா நினைச்சுக்காதீங்க" வந்தது. நம் மொழியில் மரியாதை விகுதி நாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதை உதறச் சொன்னால் பலருக்கு வேர்க்கிறது. உதற வேண்டாம், அதையும் வைத்துக்கொண்டே சொல்லலாம் என்றேன். "கையை எடுங்க." அவ்வளவுதான். காரணம் கிடையாது, மன்னிப்பு கிடையாது, சிரிப்பு கிடையாது. அன்று ஒன்பது தடவை சொன்ன பிறகு குரல் வயிற்றிலிருந்து வந்தது. எனக்கே முதுகு நிமிர்ந்துவிட்டது. உங்கள் வகுப்பில் இப்படி வாயைத் திறந்து சத்தமாகச் சொல்லவைக்கிறார்களா என்று பாருங்கள். ஆறு மணி நேரமும் கை காலுக்கே போனால் பாதிப் பாடம் விட்டுப்போனதாக அர்த்தம்.

உறைந்துபோவதைப் பற்றிப் பயிற்சியாளர் பேசுகிறாரா என்பதையும் கவனியுங்கள். வல்லுறவுக்குப் பிறகு உதவி தேடி வந்த 298 பெண்களிடம் ஸ்வீடனில் விசாரித்த ஆய்வு 2017-இல் வந்தது. அவர்களில் 70 சதவீதம் பேர் அந்த நேரத்தில் உடம்பு குறிப்பிடத்தக்க அளவு அசையாமல் போனதாகச் சொன்னார்கள். கோழைத்தனம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை, பயத்தில் உடம்பு தானாகச் செய்வது அது. "இதைக் கற்றுக்கொண்டால் யாரையும் ஐந்து நொடியில் சாய்க்கலாம்" என்று சொல்கிறவருக்கு இது தெரியாது, அல்லது தெரிந்தும் சொல்ல மாட்டார். அப்படிச் சொல்லிவிட்டால், பிறகு உறைந்துபோன பெண் தன்னையே திட்டிக்கொள்வாள். உங்கள் 'இல்லாத தைரியம்' பயம் நியாயமானது, அதை உண்டாக்குவது இந்த மாதிரிப் பேச்சுதான்.

வகுப்பு தொடங்கியதும் உடை பற்றியும் எத்தனை மணிக்கு வெளியே போகலாம் என்பது பற்றியும் அரை மணி நேரம் உபதேசம் நடந்தால், தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து போய்விடுங்கள். தொட்டுக் கற்பிக்கும்போது அனுமதி கேட்கிறாரா, "இந்தப் பயிற்சி எனக்கு வேண்டாம்" என்று ஒருத்தி சொன்னால் ஏன் என்று கேட்காமல் விடுகிறாரா என்று பாருங்கள். வேண்டாம் என்று சொல்லக் கற்றுத்தர வந்தவரிடமே 'வேண்டாம்' செல்லுபடியாகவில்லை என்றால் என்ன சொல்ல?

சான்றிதழைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வேறு உபயோகம் இல்லை.

கேள்வி: மிளகு ஸ்பிரே வைத்திருந்தால் பயிற்சியே தேவையில்லை என்கிறார் தோழி. சாவிகளை விரலிடுக்கில் பிடித்துக் குத்தலாம் என்றும் சொல்கிறார். சரியா?
— கல்லூரி மாணவி

பதில்: சாவி யோசனையை விடுங்கள், குத்தும்போது அது திரும்பி உங்கள் விரலைத்தான் முதலில் கிழிக்கும். ஸ்பிரே பரவாயில்லை, ஆனால் அது எங்கே இருக்கிறது? இப்போதே பையில் கைவிட்டு எடுக்கச் சொல்லி, தோழிக்கு நேரம் கணக்கிடுங்கள். சார்ஜர், சீப்பு, பழைய பில் எல்லாம் முதலில் வரும். காற்று எதிரே அடித்தால் நம் கண்ணுக்கே வரும், காலாவதி தேதியும் உண்டு. எல்லாவற்றையும் விட, மேலதிகாரியின் கை தோளில் விழும்போது யார் ஸ்பிரேயை எடுக்கப் போகிறார்கள்?

கேள்வி: மகளுக்கு 14 வயது. கராத்தேயில் சேர்க்கவா, குறுகிய பயிற்சிக்கு அனுப்பவா?
— ஒரு அம்மா

பதில்: அவளுக்குக் கராத்தே பிடித்திருந்தால் சேருங்கள். உடம்பு வலுவாகும், அடி வாங்கினால் பதறாத பழக்கம் வரும். ஆனால் போட்டியில் நடுவர் இருக்கிறார், எதிராளி வணக்கம் சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறாள். குறுகிய பயிற்சியில் கிடைக்கும் பேச்சுப் பகுதியைக் கராத்தே பொதுவாகத் தராது. அதை வீட்டிலேயே தொடங்கலாம். வருகிற விருந்தாளி கன்னத்தைக் கிள்ள வரும்போது அவள் ஒதுங்கினால், "மாமாதானேடி" என்று நீங்கள் சொல்லாமல் இருந்து பாருங்கள். விருந்தாளி முகம் சுளித்தால் அவருக்குக் காபி கொடுத்து நீங்கள் சமாளித்துக்கொள்ளுங்கள்.