அக்காட்ட கேளுங்கோ: சேலையும் வளையலும் பகிடியும்

போன இதழில "நக்கலால ஒரு ஆட்சியை அசைக்க ஏலுமோ" எண்டு வந்த கேள்விக்கு நாலு வரியில ஒரு பதில் எழுதிவிட்டன், அதுக்குப் பிறகு வந்த கடிதம், வாட்ஸ்அப் மெசேஜ் முழுக்க அதைப் பற்றித்தான். அதால காதல் கேள்வி, முடி கொட்டுற கேள்வி எல்லாம் அடுத்த இதழுக்கு, கோவிக்காதேங்கோ.

அக்கா, முக்கியமான வாக்கெடுப்பு அண்டைக்கு பாராளுமன்றத்துக்குப் போகாம ஒளிச்ச ஒரு அரசியல்வாதிக்கு சேலை கட்டி, பொட்டு வச்சு, வளையலும் போட்டு மீம் செஞ்சு விட்டன். நல்ல லைக். ஆனா என்னோட படிக்கிற ஒரு பிள்ளை "நீ அவரை நக்கலடிக்கேல்ல, எங்களைத்தான் அடிச்சிருக்கிறாய்" எண்டு பேசிப்போட்டா. பகிடியை பகிடியா எடுக்கத் தெரியாதோ?
*ஓர்ஸ்ஹில் மாணவன்*

தம்பி, அந்தப் பிள்ளை சொன்னது சரி. உம்மட மீமில பகிடி எங்க இருக்கு எண்டு ஒருக்கா யோசியும். அவர் போகேல்ல எண்டதில பகிடி இல்ல, சேலையிலதான் இருக்கு, அதாவது பயந்தவன் எண்டா பொம்பிளை எண்டு ஏற்கனவே எல்லாரும் ஒத்துக்கொண்டாத்தான் அதைப் பாத்து சிரிப்பு வரும். இது உம்மட தப்பு மட்டுமில்ல, இந்தியாவில ஊர்வலம் போய் மந்திரிமாருக்கு வளையல் குடுக்கிற வழக்கம் எவ்வளவு காலமா இருக்கு, அதில பொம்பிளையளும் நிண்டு குடுக்கிறவை. ஆட்சிக்கு எதிரா கையை ஓங்கிறம் எண்டு ஓங்கி பக்கத்தில நிக்கிற அக்கா தங்கச்சிக்கு அடிக்கிற வேலை இது.

உண்மையில பயப்படாம நிண்டது ஆர் எண்டு பாரும். பிரகீத் எக்னெலிகொட எண்ட கார்ட்டூன்காரர், பத்திரிகையாளர், 2010 ஜனவரி 24 வேலை முடிஞ்சு போனவர் வீட்ட வரவே இல்ல, ஜனாதிபதித் தேர்தலுக்கு ரெண்டு நாள் இருக்கேக்க. அவற்றை மனுசி சந்தியா அண்டைக்குத் தொடங்கி பொலிஸ், கோடு, ஜெனீவாவில ஐ.நா. எண்டு ஏறி இறங்கி, மிரட்டல் எல்லாம் வாங்கி, 2022 ஜனவரியில கொழும்பில காளி கோயிலுக்குப் போய் தலையை மொட்டை அடிச்சு, மனுசனைக் காணாமப் பண்ணினவைக்கு சாபம் போட்டா. சேலை கட்டின மனுசிதான். அந்த வருஷம் ஜூலையில ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச நாட்டை விட்டு ஓடினது தெரியும்தானே, சாபம் பலிச்சுது எண்டு என்ர அம்மா இப்பவும் சொல்லுவா, நான் டீசலும் காஸும் இல்லாமப் போனதுதான் காரணம் எண்டு சொல்லுவன், அந்த வழக்கு எங்கட வீட்டில இன்னும் முடியேல்ல.

தம்பி, உம்மட அரசியல்வாதி தேர்தலுக்கு முதல் மேடையில கத்தின வசனத்தை எடுத்து, கீழ வெறும் கதிரை ஒண்டைப் போட்டு விடும். சேலையே தேவையில்ல, லைக் குறைஞ்சா குறையட்டும்.

ஆட்சியில இருக்கிறவைக்கு கேவலம் ஒரு படத்துக்கு ஏன் இவ்வளவு எரியுது?
*திருக்கோணமலை டவுன் வாசகர்*

பயத்திலதான் அவையின்ர பாதி அதிகாரம் நிக்குது. சிரிச்சவனுக்கு அந்த நேரம் பயம் இல்ல, அதுதான் எரியுது. சேர்பியாவை மிலோசெவிச் அடக்கி ஆண்ட காலத்தில ஒட்போர் எண்ட இளம் ஆக்களின்ர இயக்கம் ஒரு பீப்பாயில அவற்றை முகத்தை ஒட்டி றோட்டில வச்சு, காசு போட்டா தடியால ஒரு அடி அடிக்கலாம் எண்டு எழுதிப்போட்டு விலகி நிண்டிட்டினம், சனம் வரிசையில வந்து அடிக்குது, கடைசியில பொலிஸ் வந்து ஆரைப் பிடிக்கிறது எண்டு தெரியாம பீப்பாயைத் தூக்கிக்கொண்டு போச்சு! விட்டா முகத்தில அடி, பிடிச்சா பீப்பாயை அரெஸ்ட் பண்ணின பொலிஸ், ரெண்டிலயும் மானம் போகுது. 2000 ஒக்டோபரில மனுசன் விழுந்தார்.

தமிழ்நாட்டில 1987இல ஆனந்த விகடன் அட்டையில ஒரு ஜோக், மேடையில பிக்பொக்கெட் மாதிரி இருக்கிறவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரன் மாதிரி இருக்கிறவர் மந்திரி எண்டு. அதுக்கு சட்டசபை கூடி ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்கு மூண்டு மாச ஜெயில் எண்டு தீர்ப்புக் குடுத்துது. எதிர்ப்பு கிளம்பி ரெண்டொரு நாளில வெளிய விடவேண்டி வந்திட்டு, பேந்து கோடு 1000 ரூபா நட்டஈடு குடுக்கச் சொன்னது, மனுசன் அதை பிரேம் போட்டு வச்சவராம்.

எங்கட ஊரிலயும் பாத்தனாங்கள்தானே. 2022 மே 9 பிரதமர் பதவியை விட்ட மகிந்த ராஜபக்ச அடுத்தநாள் வந்து இறங்கினது எங்கட திருக்கோணமலை நேவி பேஸில. ஆக்கள் வாசலுக்குப் போய் கத்தினவை. கடற்படைக்குப் பயந்து அந்த றோட்டால தலையைக் குனிஞ்சு போன ஊர் இது, அண்டைக்கு போனில வந்த பகிடியளை மாறி மாறி அனுப்பி சிரிச்சுது.

தெருவெளி நாடகம் செய்யிற பெட்டையள் நாங்கள். வீட்டு ஆம்பிளையளை வச்சு ஒரு நையாண்டி எழுதியிருக்கிறம். அப்பா சொல்றார், அரசாங்கத்துக்கு எதிரா போடு நானும் வந்து கை தட்டுறன், வீட்டுக் கதையை றோட்டுக்குக் கொண்டு வராதை எண்டு.
*உப்புவெளி வாசகி*

தங்கச்சி, உங்கட அப்பா நல்ல வசனம் ஒண்டு தந்திருக்கிறார், அப்பிடியே ஸ்கிரிப்டில போடுங்கோ, முதல் காட்சியே அதுதான்.

வீடு வேற ஆட்சி வேற எண்டு பிரிக்கிறது ஆம்பிளையளுக்கு வசதி. ஈரானில அதெனா ஃபர்கதானி எண்ட பிள்ளை 2014இல ஒரு படம் கீறினா, பாராளுமன்ற உறுப்பினர்மாரை குரங்காவும் மாடாவும். ஏன் கீறினா? கருத்தடையை இறுக்கிற சட்டம் ஒண்டை அவை கொண்டு வந்தவை. இது வீட்டு விஷயமோ நாட்டு விஷயமோ, உங்கட அப்பாட்ட கேட்டுப் பாருங்கோ. அந்த ஒரு படத்துக்கும் சேத்து 12 வருஷமும் 9 மாசமும் ஜெயில் எண்டு தீர்ப்பு, உலகம் முழுக்க சத்தம் போட்டு பேந்து குறைச்சு 2016 மேயில விட்டவை.

சிலியில லாஸ்தெசிஸ் எண்ட நாலு பொம்பிளையள் 2019 நவம்பரில செய்தது இன்னும் கெட்டித்தனம். அங்கத்தைய பொலிஸின்ர பழைய விளம்பர வசனம் "உன் வழியில ஒரு நண்பன்". இவை நண்பன் எண்டதை எடுத்திட்டு "உன் வழியில ஒரு வன்புணர்வாளன்" எண்டு பேர் வச்சு, கண்ணைக் கட்டிக்கொண்டு தெருவில பாடி ஆடினவை, கையை நீட்டி பொலிஸ், நீதிபதி, அரசு, ஜனாதிபதி எண்டு ஒவ்வொண்டா காட்டி. அந்த நேரம் என்னத்தை உடுத்திருந்தாய் எண்டு பொம்பிளையிட்ட கேக்கிற கேள்விக்கும் அதிலயே பதில் இருக்கு. எத்தினையோ நாட்டில பொம்பிளையள் தங்கட பாஷையில அதை ஆடிட்டினம். மேடை இல்ல, செட் இல்ல, ஒரு துணித்துண்டும் கொஞ்ச ஆக்களும்தான், உங்களுக்கும் இது தோதான வழி.

ஒண்டு மட்டும் கவனியுங்கோ, அடி வாங்கிற பொம்பிளையை பாத்து சனம் சிரிக்கிற மாதிரி காட்சி வைக்க வேண்டாம். குடிச்சிட்டு வாற புருஷன் எண்டு தொடங்கினா எங்கட ஆக்கள் அவனுக்கே விசில் அடிப்பினம், அது எனக்கு நல்லாத் தெரியும். குடிக்காத, மரியாதையான, கோயில் கமிட்டியில இருக்கிற ஆளை வையுங்கோ.

கூத்தில பொம்பிளை வேஷத்துக்கும் ஏன் ஆம்பிளையே?
*சாம்பல்தீவு வாசகர்*

பொம்பிளையளை கூத்தாடுற களரிக்கு விடாததால. இப்ப மட்டக்களப்புப் பக்கம் பொம்பிளையளும் ஆடுகினம், களரி இடிஞ்சு விழேல்ல.

எங்கட பழைய இலக்கியத்தில ஒரு பொம்பிளை அரசனை நக்கலடிச்ச கதை இருக்கோ?
*கிண்ணியா வாசகி*

புறநானூறு 95, ஔவையார். அதியமானுக்காக தூது போன மனுசிக்கு தொண்டைமான் தன்ர ஆயுதசாலையைக் காட்டுறான், பெருமையா. இவ என்ன சொன்னா எண்டா, ஆகா, உங்கட ஆயுதம் எல்லாம் மயில் பீலி கட்டி மாலை போட்டு நெய் பூசி காவல் வீட்டுக்குள்ள வடிவா இருக்கு, எங்கட அரசன்ர வேல் பாவம் நுனி முறிஞ்சு கொல்லன் பட்டறையில கிடக்கு எண்டு. புகழுற மாதிரியே நீ சண்டை கண்டதில்ல எண்டு முகத்துக்கு நேர சொல்லிட்டா, அவனால கோவிக்கவும் ஏலாது. ஒப்பாரியிலயும் இந்த வேலை நடக்கும், செத்தவரை அழுதுகொண்டே சீதனம் கேட்டு அரிச்ச மாமியாரையும் ஏறி இறங்கிவிடுவினம்.

அக்கா, அரசாங்கத்தை மட்டும்தானே சொல்றீங்கள்?
*பேர் போடவேண்டாம் எண்டு எழுதின வாசகர்*

இல்ல. செல்வி எண்டு அறியப்பட்ட செல்வநிதி தியாகராசா, கவிஞர், யாழ் பல்கலைக்கழகத்தில நாடகம் படிச்சவ, சீதனத்தையும் பாலியல் வன்முறையையும் பற்றி நாடகம் போட்டவ. 1991 ஓகஸ்ட் 30 அவவைப் பிடிச்சுக்கொண்டு போனது புலிகள், திரும்பி வரேல்ல. ஆணாதிக்கத்தைக் கேள்வி கேட்டா எந்தத் துவக்குக்கும் பிடிக்காது. இதை எழுதினதுக்கு எனக்கு ரெண்டு பக்கத்தாலயும் கடிதம் வரும், வரட்டும்.

சட்டத்தில மாட்டாம நையாண்டி நாடகம் செய்யிறது எப்பிடி? பொலிஸிட்ட போகோணுமோ?
*நிலாவெளி ஆசிரியை*

டீச்சர், பயப்படக் காரணம் இருக்கு. அஹ்னாப் ஜஸீம் எண்ட, தமிழில எழுதுற முஸ்லிம் கவிஞர் 2020 மேயில ஒரு கவிதைப் புத்தகத்துக்காக பயங்கரவாதத் தடைச் சட்டத்தில உள்ள போய் ஒண்டரை வருஷத்துக்கு மேல இருந்தார், தீவிரவாதத்தைக் கண்டிச்சு எழுதினவரை, பேந்து பிணை, கடைசியில 2023 டிசம்பரில தான் குற்றவாளி இல்ல எண்டு கோடு விடுவிச்சது. நடாஷா எதிரிசூரிய மேடையில சொன்ன பகிடிக்கு 2023 மேயில ஐசிசிபிஆர் சட்டத்தில, அதுதான் மத, இன வெறுப்பைத் தூண்டினது எண்டு பிடிக்கிற சட்டம், பிடிபட்டா, ஜூலையிலதான் பிணை. இப்ப இணையத்தில போடுறதுக்கு 2024இல வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கு. அஹ்னாப், நடாஷா ரெண்டு பேரையும் மாட்டினது மதம்தான், அதால மதத்தைத் தொடுற வரி இருந்தா முதலே ஒரு லோயரிட்ட காட்டுங்கோ, எடுக்கச் சொல்லி நான் சொல்லேல்ல, தெரிஞ்சு வையுங்கோ. ஒலிபெருக்கிக்கு பொலிஸ் அனுமதி வேணும், ஸ்கிரிப்டை, நாடகத்துக்கு அனுமதி குடுக்கிற அரங்காற்றுகைச் சபைக்கு அனுப்போணுமோ எண்டும் முதலே விசாரியுங்கோ. வீடியோ எடுக்கிறதெண்டா முழுசா எடுங்கோ, வெட்டின துண்டுதான் ஆளை உள்ள போடுறது. பிள்ளையளுக்கு பதினெட்டு ஆகேல்ல எண்டா பெற்றோரிட்ட கையெழுத்தும் வாங்குங்கோ, கதை என்ன எண்டு சொல்லித்தான் வாங்கோணும்.